எந்தக் கை

செவ்வாய் காலையிலிருந்தே மழை.
விழும்வரை தண்ணீர், தொட்டதும் கண்ணாடி.
வானொலி எச்சரிப்பதற்கு முன்பே
ஓரேல் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.
கம்பி வேலைக்காரனுக்குப் பனிமழை என்றால்
வீட்டை விட்டுப் போகும் நாள்.
"குளியல் தொட்டியை நிரப்பி வை" என்றான்.
அவன் விடைபெறுவது எப்போதும் இப்படித்தான்.

நிரப்பினேன். மோட்டார் நின்றால்
எங்கள் கிணறும் ஊமை.
ஃப்ரீசரில் உறைந்த குவளை நீரின்மேல்
பாய்மரக் கப்பல் போட்ட பத்து சென்ட் ஒன்றை வைத்தேன்.
எல்லாம் உருகி, பிறகு மறுபடி உறைந்தால்
கப்பல் அடியில் கிடக்கும்.
அப்புறம் அந்த மூஸ் இறைச்சியை
நாய்க்கும் போடக்கூடாது.

மூன்று பன்னிரண்டுக்கு
அடுப்பின் கடிகாரம் செத்தது.
சமையலறை வாசலில் போர்வைகளை ஆணியடித்தேன்.
அந்த ஓர் அறைதான் இனி வீடு.
மெழுகுவத்தி கேட்டு அழுதாள் ஸெலிகா.
ஏழு வயதின் கையில் நெருப்பா?
பால் கேனில் தண்ணீர் பிடித்து
தலைவிளக்கை அதன் வயிற்றில் கட்டினேன்.
வெள்ளையாய் ஒரு நிலா உட்கார்ந்தது மேசையில்.
புகைமணியின் பொத்தானை அழுத்திப் பார்த்தேன்,
அது கத்தியது, நன்றி சொன்னேன்.
வெளியே மரங்கள் முறியும் சத்தம்
இரவு முழுக்க, துப்பாக்கிபோல.

இரண்டாம் இரவு
எதிரே உலீஸ் ஆஷேயின் வீடு
திடீரென்று முழுசாய் எரிந்தது.
தாழ்வார விளக்கு, மாடி விளக்கு,
கழற்றாமல் விட்ட கிறிஸ்துமஸ் சரம்கூட.

ஸெலிகா கைதட்டினாள்.
எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு ஜெனரேட்டர் வீடு முழுவதையும் ஏற்றினால்
துணி உலர்த்தியின் சாக்கெட்டில்
இருபுறமும் பல்லுள்ள வயரைச் செருகியிருக்கிறான் என்று அர்த்தம்.
வீட்டுக்குள் வந்த மின்சாரம்
வந்த வழியே வெளியேயும் போகும்.
கம்பத்து உச்சியிலிருக்கும் சாம்பல் பீப்பாய்க்கு
முன் எது பின் எது தெரியாது,
இருநூற்று நாற்பதைக் கொடுத்தால்
ஆயிரக்கணக்கில் ஆக்கி அனுப்பும்,
செத்த கம்பி என்று நம்பித் தொடும் கையை நோக்கி.

இதைப் படித்ததில்லை நான்.
என் சாப்பாட்டு மேசையில்,
வராமல் போன ஒருவனின் நாற்காலியைப் பார்த்தபடி
அவர்கள் பேசிக்கொண்டது.

காலில் ஆணிச்சட்டம் மாட்டி இறங்கினேன்.
நாற்பது அடித் தெரு.
இரண்டு முறை விழுந்தேன், கடைசிப் பாதியைத்
தவழ்ந்தே கடந்தேன்.
கதவைத் திறந்தவன் "காபி?" என்றான்.
திட்ட வாயெடுத்தேன்.
அவனுக்குப் பின்னால், சோபாவில்,
மூக்கில் குழாயோடு எடித்.
பக்கத்தில் அவளுக்காக மூச்சிழுத்துக்கொண்டிருந்த பெட்டி.

என்ன சொல்வது?
"உன் மனைவி மூச்சுவிடட்டும், உலீஸ்.
ஆனால் அந்த வயரைப் பிடுங்கு."

முதலில் ஜெனரேட்டரை நிறுத்தினோம்.
கைமாற்று சிலிண்டரை எடித்துக்குத் திறந்துவிட்டான்,
அவன் கை ஆடியது.
மெயினை இறக்கினேன், வயரைச் சுருட்டி
என் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
ஜன்னலருகே உறுமிய இயந்திரத்தை
புகை வீட்டுக்குள் ஏறாதபடி
விறகுக்கொட்டகை தாண்டி இழுத்தோம்.
அங்கிருந்து ஒரு நீள வயர்,
பெட்டிக்கு மட்டும்.

வீடு இருண்டது.
எடித்தின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.
"சரத்தை அணைத்திருக்கலாம்" என்றான் உலீஸ்,
தனக்கே சொல்வதுபோல.

ஆறாம் நாள் ஓரேல் வந்தான்,
உதடு வெடித்து, கன்னம் தோலுரிந்து.
சூப்பை வைத்துவிட்டுக் கேட்டேன்:
வியாழன் இரவு எங்கே இருந்தாய்?
முப்பது கிலோமீட்டர் தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம்.
நம் தெருவில்?
நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த குழு, என்றான்.
சின்னப் பையன் ஒருவன் மேலே ஏறினானாம்.
பெயர் கேட்டேன்.
தெரியவில்லை என்று தலையாட்டிவிட்டு
சூப்பில் ரொட்டியைத் தோய்த்தான்.

ஃப்ரீசரைத் திறந்தேன்.
கப்பல் பாதி மூழ்கியிருந்தது.